தடைக்காலத்தில் ஒரு சான்றிதழ்

டாக்டர் ஸ்ரீகாந்த் மூன்று மாதத்துக்கு யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய கிளினிக் வாசலில் அன்றைக்கும் நாற்பது ஜோடி செருப்பு கிடந்தது.

எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குள் நின்று அம்முலு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் நாஷ்டா இறங்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. திருவிழாவில் சாமி புறப்படப் போகிற நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று அவள் இதே கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் போனில் யாரோடோ பேசிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஊசி போட்டு அனுப்பு" என்று கம்பவுண்டர் வரதனிடம் சொன்னார். வரதன் போட்டான். இடுப்பில் படக்கூடாத இடத்தில் பட்டு நரம்பு செத்து, வலது பாதம் தொங்கிப் போயிற்று. சுற்றுவட்டாரத்தில் நடவுக்கு முதல் ஆளாகக் கூப்பிடப்பட்டவள், இப்போது ஷூ கம்பெனியில் உட்கார்ந்த இடத்தில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

சும்மா விடவில்லை அவள். மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் போட்டாள். அந்த மனுவை டைப் அடித்துக் கொடுத்தவள் இந்த ஜெராக்ஸ் கடைக்காரி, அவள் நாத்தனார் ஷாரோன். விசாரணைக்குப் போன அன்று டாக்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்று, "இந்தம்மாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நானே படுக்கவெச்சுப் பரிசோதனை பண்ணினேன். ஊசி போட்டது மட்டும்தான் கம்பவுண்டர்" என்றார். ஒன்றரை மணி நேரம் அவளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

உத்தரவு வந்தது. பயிற்சி இல்லாத ஆளை ஊசி போடவிட்டதற்காக டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து மூன்று மாதம் பெயர் நீக்கம். சரி. ஆனால் கூடவே ஒரு வரி இருந்தது: மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. ஷாரோன் அதைப் படித்துக் காட்டியபோது அம்முலுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியென்றால் பொய் சொன்னது யார், அவளா?

தண்டனை வாங்கிய மனுஷன் மூன்று மாதம் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அவர் சாத்தவில்லை. பெயர்ப் பலகைமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு உள்ளே வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டார். மருந்துச் சீட்டு மட்டும் எழுதுவதில்லை, மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவது. கெட்டிக்காரர்தான். ஆனால் அவரை நம்பி ஆயிரம் கம்பெனிப் பெண்கள் இருந்தார்களே. லீவு போட்டால் மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும். கையெழுத்து, தேதி, பதிவு எண்ணோடு முத்திரை இல்லாமல் கம்பெனியில் வாங்க மாட்டார்கள். 'நேரில் பரிசோதித்தேன்' என்ற வரியோடு அந்த ஃபாரத்தை அச்சடிப்பது ஷாரோன் கடை. போன வாரம் வரதன் வந்து இன்னும் இருநூறு கேட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கு ராத்திரி நாத்தனாரும் அண்ணியும் தூங்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

"அண்ணி, மாஸ்க்க கயட்டாத. பேரு கேட்டா கல்பனான்னு சொல்லு" என்றாள் ஷாரோன் இப்போது, கிளினிக் வாசலைப் பார்த்தபடியே. "ஜொரம்னு சொல்லு, போதும்."

"பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னா கீதோ அதத்தான் சொல்லுவேன்."

"பேஜார் பண்ணாத அண்ணி. அந்தாளு உன்ன பாத்தவொடனே கண்டுபுடிச்சிருவாரு."

ஷாரோன் போனை எடுத்தாள். "வரதண்ணே, ஃபாரம் ரெடி. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ, எழுத்து சின்னதா கீதுன்னு அப்பறம் சொல்லக்கூடாது." வரதன் கிளினிக்கிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டினான். அவன் முன்வாசல் ஏறுகிற நேரம் அம்முலு பின்வாசல் வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். நொண்டுகிற காலோடு அவ்வளவு வேகமாக அவள் இரண்டு வருஷத்தில் நடந்ததில்லை.

சர்டிபிகேட்டுக்குத் தனி வரிசை, அவளுக்கு முன்னால் ஆறு பேர். நிமிஷத்துக்கு ஒருத்தராய் உள்ளே போய் வெளியே வந்தார்கள். அவள் முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னாள்.

"எத்தனை நாள்?"

"இன்னிக்கி ஒரு நாளு சார்."

"என்ன பண்ணுது?"

"கால் மரத்துப் போயி கீது சார். பாதத்த தூக்க முடியல. இழுத்துக்கினுதான் நடக்கறேன்."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. அம்முலுவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் காய்ச்சல் என்பதற்கான வார்த்தையைப் பழைய சீட்டில் ஷாரோன் பத்துத் தடவை காட்டியிருந்தாள். அதே வார்த்தைதான் அவர் கையிலிருந்து இறங்கியது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் தாங்க முடியாத கோபம். கால் என்கிறேன், காய்ச்சல் என்று எழுதுகிறானே பாவி. நல்லா ஞாபகம் இருக்கு என்றானே.

"பேரு?"

அம்முலு மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தாள். கல்பனாவாவது ஒன்றாவது.

"அம்முலு. வூட்டுக்காரரு பேரு ஐசக்."

எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார். காகிதத்தைப் பக்கவாட்டில் நீட்டினார். கண் செல்போனில் இருந்தது.

வாங்கிக்கொண்டு எழுந்தாள். ஓட வேண்டும் போல இருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை, பாதம் தரையில் சரக் சரக்கென்று இழுத்தது. நான்காவது அடியில் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"ஏம்மா, நில்லு."

திரும்பினாள். டாக்டர் ஸ்ரீகாந்த் முதலில் அவள் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை. ஒரு மனுஷனுடைய முகம் அப்படி வெளிறி அவள் பார்த்ததில்லை. அவர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வெளியே பெஞ்சு நிறைய ஜனம். எதிர்ச்சாரியிலிருந்து வரதன் ஓடி வந்துகொண்டிருந்தான், அவனுக்கு முன்னால் ஷாரோன் ஓடி வந்துகொண்டிருந்தாள். அம்முலு காகிதத்தைத் தலைக்குமேல் தூக்கினாள். ஷாரோன் வாசற்படியில் நின்றபடியே போனில் அதைப் படம் எடுத்தாள், ஒன்றுக்கு மூன்றாக.

"மாட்டிக்கினாரு அண்ணி, மாட்டிக்கினாரு" என்றாள் மூச்சிரைக்க. "பேரு, தேதி, சீலு, எல்லாம் கீது. கவுன்சிலுக்கு இப்பவே அனுப்பறேன். பரிசோதிச்சேன், காய்ச்சல்னு வேற எழுதிக் கீறாரு."

வரதன் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் அறை வாசலில் நின்றார். அவர் குரல் அம்முலு இதுவரை கேட்காத அளவுக்குப் பணிவாக இருந்தது.

"அம்மா, அந்தப் பேப்பரைக் குடுங்க. உள்ள வாங்க, உங்க காலை நல்லாப் பார்த்துட்டு வேற எழுதித் தரேன்."

நாற்பது பேர் கேட்டார்கள். அம்முலு காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

"வேணாம் சார். நீங்க பாக்கலன்னு எழுதி வாங்கத்தான் வந்தேன்."