குளிர் அறைப் பொத்தான்

உறைபனிக் கிடங்கின் ஒவ்வோர் அறையிலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை இயக்கும் மென்பொருள் எங்கள் வேலை. என் அக்கா அந்தக் கிடங்கில்தான் பெட்டி அடுக்குகிறாள்.

"அழுத்தினா யாராவது வருவாங்களாடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் எழுதினது அக்கா. வராம இருப்பாங்களா?" என்றேன். கொஞ்சம் திமிராகவே சொன்னேன்.

பொத்தானை அழுத்தியதும், நிரலின் தனி இழையாக ஒரு த்ரெட் ஓடும். அதன் கையில் ஒரு டெலிகேட், அதாவது எந்தெந்த வேலையைக் கூப்பிட வேண்டும் என்ற வரிசை. முதலில் மணி, பிறகு காவலருக்குப் போன். பக்கத்து மேசை அவசரக்குடுக்கை, திரையைச் சிவப்பாக்கும் வேலையையும் அதில் சேர்த்தான். சேர்த்தவன் கடைசியில் சேர்க்கக் கூடாதா? வரிசையின் தலையில் கொண்டுபோய் வைத்தான். திரையைத் தொடும் உரிமை முதன்மை த்ரெட்டுக்கு மட்டும்தான். வேறு த்ரெட் தொட்டால் பிழை. முதல் வேலை பிழையில் விழுந்தால், பின்னால் நிற்கும் எதையும் டெலிகேட் கூப்பிடாது. வந்த பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கும்படி வேறு எழுதி வைத்திருந்தான், மகராசன்.

இன்று மதியம் என் மேசையில் சோதித்தேன். மணி அடிக்கவில்லை.

"டேய், இதைக் கிடங்குல ஏத்திட்டியா?"

"காலைலயே ஏத்தியாச்சே. நீங்கதானே பாத்துட்டு சரின்னீங்க?"

பார்க்காமலே தலையாட்டியிருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனை வெளியே வைத்துவிடுவார்கள். கிடங்குக் காவலரைப் போனில் பிடித்தேன்.

"எல்லா அறையையும் திறந்து பாருங்க, இப்பவே!"

"மணி ஒண்ணும் அடிக்கலையேம்மா."

"அடிக்காதுய்யா! அதைத்தான் சொல்றேன், ஓடுங்க!"

கடைசி அறையில் இருந்தாள். தாழ் உறைந்து கதவு இறுகிப்போயிருந்ததாம். காவலர் போனை அவளிடம் கொடுத்தார். பல் தந்தியடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"கதவைத் தட்டியிருக்கலாமேக்கா! கத்தியிருந்தா யாருக்காவது கேட்டிருக்குமே!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எதுக்குடி கத்தணும்?" என்றாள், திக்கித் திக்கி. "நீ எழுதினதாச்சே. அழுத்திட்டு, வந்துடுவாங்கன்னு பேசாம உக்காந்திருந்தேன்."