பக்கத்து சீட்

“பிரேக்கை மிதிக்காதீங்க. அங்க ஒண்ணும் கிடையாது.”

“யாரு மிதிச்சா?”

“உங்க வலது காலு மிதிச்சுது. இதோட நாலாவது தடவை. பாவம், அந்தத் தம்பி ரோட்டைப் பார்க்கிறதா, உங்க காலைப் பார்க்கிறதா?”

“முன்னாடி போறவன் இண்டிகேட்டர் போடாம திரும்புறான். சும்மா இருக்கச் சொல்றியா?”

“சும்மா இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.”

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் டாக்சி வேன் அது. முன் சீட்டில் இருந்தவர் முப்பது வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் பைலட். பின்னால் உட்கார்ந்து அதட்டியவள் அவர் மனைவி. அந்த உறவில் அவள் பைலட்டம்மா.

அவர் முன் சீட்டுக்கு வந்த கதையை அவள் ஒருத்திதான் முழுதாகப் பார்த்தாள். பெட்டிகளை ஏற்றி முடித்ததும், பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று சுற்றிப் போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். சீட்டை முன்னால் இழுத்தார். கையை நீட்டினார். ஸ்டீயரிங் இல்லை. இந்த ஊரில் அது இடது பக்கம் இருந்தது. பைலட் அசரவில்லை. அதற்காகவே ஏறினவர் போல எதிரிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டி மூடினார்.

வேன் ஒரு மேட்டில் ஏறியது. பைலட்டின் இடது கை தானாகப் போய் கியரைப் பிடித்தது. அங்கே ஏற்கெனவே டாக்சிக்கார இளைஞனின் கை இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணே, அந்தக் கையை விடுங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கையைப் பிடிச்சாச்சு, அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க பின்னாடிதான் இருக்காங்க” என்றார் சகலை.

சகலை மருந்துக்கடைக்காரர். அவர் பெட்டியில் பாதிக்குப் பாதி மாத்திரை. அவர் மனைவி, அதாவது பைலட்டம்மாவின் தங்கை, இறங்கிய நிமிஷத்திலிருந்து போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடியே வந்தாள். கியர் விவகாரமும் அதில் பதிவாகிவிட்டது. அவர்கள் மகளைத்தான் எல்லாரும் மேனேஜர் என்றார்கள். விசாவிலிருந்து குடை வரைக்கும் எல்லாம் அவள் ஏற்பாடு.

ஒன்பது வருஷமாகப் பேசிய பயணம். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஐரோப்பா என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு கோடையிலும் பைலட் வேறு யாருடைய பிள்ளைகளையோ அருவிக்கும் மலைக்கும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இந்த வருஷம் வேன் பெயின்ட் அடிக்கப் பட்டறைக்குப் போயிருந்தது. பட்டறைக்காரர் சாவியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிய பிறகுதான் மேனேஜர் டிக்கெட் போட்டாள்.

பைலட்டம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வரிசையாக மரங்கள், பால் நிறக் கட்டடங்கள், சைக்கிளில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு போகும் ஒரு தாத்தா. எல்லாம் அழகாக இருந்தது. நேராகப் பார்த்தால் மட்டும், அதே பின்னந்தலை.

அந்தப் பின்னந்தலையை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கல்யாணத்தன்று பேசி வைத்த கார் டிரைவர் வராமல் போக, மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக ஸ்டீயரிங்கைப் பிடித்தார். புதுப்பெண் பின் சீட்டில் உட்கார்ந்து, சம்பங்கிக்கு மேலே தெரிந்த கழுத்தைப் பார்த்தபடி புகுந்த வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் முன்னால் இடம் கிடைக்கவில்லை. யாராவது ஒரு மாமா, ஒரு சித்தப்பா, மடியில் பையை வைத்துக்கொண்டு “எனக்குப் பின்னாடி உக்காந்தா குமட்டும்மா” என்பார். அவள் பின்னால் போய்விடுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் தொழிலே சீட் கவர் தைப்பது. ரெக்சின், ஃபோம், ஓரத்துக்குப் பைப்பிங். இரண்டு பேர் உட்காரும் சீட்டாகவே ஆயிரத்துக்கு மேல் தைத்திருப்பாள். ஒவ்வொன்றையும் தைத்து முடித்துக் கையால் நீவும்போது, இதில் யாரோ இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஊர் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஓடுகிற வண்டியில் ஒரு தடவை இவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. கேட்டதும்கூட இல்லை, மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

வாடகை வீடு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் இரண்டு பேர்தான் நிற்கலாம். பெட்டி வைத்தால் ஒருவர். சகலை இரண்டு பெட்டியோடு ஏறி, நடுவில் நின்றுபோய், “நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சாப்பிடுங்க” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். பைலட் அடுத்த மாடியில் நின்று எதையோ இழுத்து, எதையோ தட்டி அவரை வெளியே எடுத்தார். வீட்டுக்குள் மரத்தரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு ராகம் போட்டது. ஆள் உயர ஜன்னல்களைத் தள்ளித் திறந்ததும் கீழே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் ஆறு, ஆற்றின் மேல் எண்ணிப் பார்த்தால் ஐந்து பாலம். தங்கை போனைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

“அக்கா, நாம நிஜமாவே வந்துட்டோம்” என்றாள்.

அன்று சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. வெயிலைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே ஐந்து பேருக்கும் வயிறு வலித்தது. சகலை அதற்கும் ஒரு மாத்திரை எடுத்தார்.

மறுநாள் டிராம். பைலட்டம்மா முதலில் ஏறி, இரட்டை சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் கைப்பையை வைத்தாள். கண்ணால் கூப்பிட்டாள். பைலட்டோ நேராக முன்னால் போய், டிராம் ஓட்டுகிறவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். நாலு நிறுத்தம், ஐந்து நிறுத்தம். கைப்பையைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே விரலை நீட்ட, பைலட்டம்மாவும் சிரித்துக்கொண்டே பையை எடுத்து மடியில் வைத்தாள்.

இறங்கியதும் ஓடி வந்தார். “ஸ்டீயரிங்கே இல்லடி. ஒரே ஒரு கைப்பிடி. தண்டவாளமே திருப்பிக்குது. நிம்மதியான உத்தியோகம்.”

“சீட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?”

“சீட்டா? நான் எங்க உக்காந்தேன்?”

“அதான் கேட்டேன்” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்தது. அன்று மாலை சமையலறையில் கப் கழுவும்போது பெரியம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, “நாளைக்கு ஊர் சுத்திக் காட்டுற பஸ். சீட் நம்பர் நான்தான் தேர்ந்தெடுக்கணும். எங்க வேணும், சொல்லுங்க” என்றாள்.

“ரெண்டு பேர் சீட்டு. முன்னாடி வேணாம், நடுவுல.”

“பெரியப்பா எழுந்து ஓட முடியாத மாதிரி?”

“ஜன்னலோரம் அவருக்குப் போடு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன். என் முட்டியைத் தாண்டித்தான் போகணும்.”

“பெரியம்மா, நீங்க என்னைவிடப் பெரிய மேனேஜர்.”

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு பஸ் வந்தது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி ஓட்டினார். பைலட்டம்மா ஏறியதும் வழக்கம்போல் சீட்டை நீவிப் பார்த்தாள். ரெக்சின் இல்லை, தடித்த துணி. பைப்பிங் நேர்த்தி. ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் தையல் விட்டிருந்தது. கையில் ஊசி இருந்தால் போட்டுவிட்டிருப்பாள். பைலட் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் உரசியது.

பஸ் கிளம்பியது.

வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் ஓடுகிற வண்டியில், மரத்து நிழலும் வெயிலும் மாறி மாறி மேலே ஓட, அந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. இளைத்த மாதிரி, கொஞ்சம் சின்னப் பையன் மாதிரி. அவர் வாயைத் திறந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏய், பக்கவாட்டுல இவ்வளவு இருக்கா?” என்றார்.

“என்னது?”

“நானும் முப்பது வருஷமா ஊர் சுத்திக் காட்டுறேன். ரோட்டைத்தான் பார்த்திருக்கேன். அருவி எந்தப் பக்கம் விழுதுன்னுகூட சத்தத்தை வெச்சுத்தான் சொல்லுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து மற்றதும் வந்துவிட்டது. “நீங்களாவது ரோட்டைப் பார்த்தீங்க. நான் உங்க பின்னந்தலையைத்தான் பார்த்தேன். கல்யாணத்தன்னிலேர்ந்து.”

பைலட் திரும்பினார். “எப்படி இருந்துச்சு?”

“ஆரம்பத்துல நல்ல காடா இருந்துச்சு. அப்புறம் நடுவுல ரோடு போட ஆரம்பிச்சாங்க. இப்ப நாலு வழிச் சாலை.”

முன் சீட்டில் சகலையின் தோள் குலுங்கியது. பைலட் சிரிக்கவில்லை. தலையின் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். “இத்தனை நாள் சொல்லவே இல்லையே” என்றார் மெதுவாக.

“ஓட்டுறவங்ககிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே வண்டியில எழுதி வெச்சிருக்கீங்க?”

அவர் கை அவள் கைமேல் வந்து உட்கார்ந்தது. கியர்மேல் உட்காருகிற மாதிரியே. அவள் எடுக்கவில்லை.

அப்போது பஸ் நின்றது. குறுகலான கல் பாவிய தெரு. திருப்பத்தில் ஒரு சரக்கு லாரியை யாரோ குறுக்காக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பஸ் பாதி திரும்பிய நிலையில் மாட்டிக்கொண்டது. பின்னால் கார்கள், ஒரு பக்கம் பெரிய பெரிய பூத்தொட்டிகள். ஓட்டுகிற பெண்மணி கொஞ்சம் பின்னால் எடுத்தார், முன்னால் வந்தார், பெருமூச்சு விட்டார். பயணிகள் போனை எடுத்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று.

பைலட் எழுந்திருக்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவே இல்லை. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை மட்டும் முட்டியின் மேல் காற்றில் ஒரு ஸ்டீயரிங்கை ஒடித்தது, நிமிர்த்தியது, மறுபடி ஒடித்தது.

“அரை அடி” என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தார். “இடது பக்கம் அரை அடி ஒடிச்சு எடுத்தா வந்துடும். பின்னாடி நின்னு சொல்ல ஆள் இல்ல.”

அவள் முட்டியை மடக்காமல் இருந்தால் போதும், பக்கத்திலேயே இருப்பார். அந்தக் கையைப் பார்த்தாள். முட்டியை மடக்கி வழிவிட்டாள்.

“போயிட்டு வாங்க.”

“நிஜமாவா?”

“உங்க சீட்டை எந்தப் பாட்டிக்கும் கொடுக்க மாட்டேன். போங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தெருக்காரர்கள் ரொம்ப நாள் பேசியிருப்பார்கள். பைலட் இறங்கி, பின்னால் நின்ற கார்களை இரண்டு உள்ளங்கையாலும் தள்ளுவது போலக் காட்டி ஒவ்வொன்றாகப் பின்வாங்க வைத்தார். பூத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினார். பெண்மணி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்கணும். எந்தப் பாஷை பேசுகிற டிரைவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. “வரட்டும், வரட்டும், வரட்டும்” என்று அவர் தமிழிலேயே சொன்னார். பஸ் வந்தது. ஒரே தட்டு. நின்றது. கையைக் காற்றில் ஒடித்துக் காட்டினார். பஸ் ஒடித்தது. கடைசித் தொட்டியிலிருந்த சிவப்புப் பூ ஒன்று பஸ்ஸைத் தொட்டு, ஆடி, நிமிர்ந்தது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் முழுக்கக் கைதட்டியது. மேல்மாடி ஜன்னல்களில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

“எங்க மாமா” என்று தங்கை பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினாள், யாருக்கும் புரியாத பாஷையில்.

பெண்மணி எழுந்து, படியேறி வந்த பைலட்டின் கையைக் குலுக்கினார். முன்பக்கத்தைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மேனேஜர் எழுந்து நின்று மொழிபெயர்த்தாள்.

“பெரியப்பா, இன்னைக்கு கைடு வரலையாம். அவங்க சீட்டு காலி. நீங்க முன்னாடியே உக்காந்து வரணுமாம். அங்கேர்ந்து பார்த்தா ஊரே தெரியுமாம்.”

பெரிய கண்ணாடிக்கு எதிரே, ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டில், மடக்கு பெஞ்சு ஒன்று இருந்தது. பெண்மணி அதைக் கீழே இறக்கிவிட்டார். பைலட் அதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை பைலட்டம்மா நடு சீட்டிலிருந்தே பார்த்தாள். சரி, இருபது நிமிஷம் கிடைத்தது, அதுவும் கையோடு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைப்பையை எடுத்து ஜன்னலோர சீட்டில் வைத்தாள். யாருக்கும் கொடுப்பதில்லை என்று சொன்னது சொன்னதுதான்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்னந்தலை இருக்க வேண்டிய இடத்தில் முகம் இருந்தது. பைலட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெஞ்சைப் பார்த்தார். கையை விரித்து ஒரு ஜாண், இரண்டு ஜாண் என்று அதன் மேல் வைத்து அளந்தார். அளக்கவே வேண்டாம், சீட் விஷயத்தில் அவள் கண் தப்பாது. இருபத்தெட்டு அங்குலம். ஒருவருக்குத் தாராளம். இரண்டு பேர் என்றால், சண்டை போடாத இரண்டு பேராக இருக்க வேண்டும்.

பெண்மணி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். என்ன தாமதம் என்பதுபோல் பைலட்டைப் பார்த்தார்.

பைலட் தொண்டையைச் செருமிக்கொண்டார். கல்யாணத்தன்று பெண் வீட்டாரிடம் பேசும்போது இருந்த அதே கூச்சக் குரல்.

“மேனேஜரம்மா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளேன். எனக்குத் தனியா உக்காந்து பழக்கம் இருக்கு, ரொம்பவே இருக்கு. இன்னைக்கு நாங்க ரெண்டு பேரா நெருக்கி உக்காந்துக்கிறோம், தொந்தரவு பண்ண மாட்டோம், உங்க பெரியம்மாவும் முன்னாடி வரலாமான்னு கேளு.”