தவழ்ந்து பிடித்த இடம்

பல் டாக்டர் வீட்டில் புது சப்வூஃபர் வந்து இறங்கிய அன்றுதானா சம்பந்தியும் வந்து இறங்க வேண்டும்? பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியும், "வாங்க", "சௌக்கியமா" என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதில்லை. இருவர் மனைவிகளும் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட, கூடத்தில் அவரும் இவரும், பாட்டின் அடிச்சத்தத்தை உறுமிக் காட்ட வேண்டிய அந்தக் கறுப்புப் பெட்டியும்தான் மிச்சம்.

லிஃப்ட் மெக்கானிக்கான சம்பந்தி செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டாக்டர் தரையில் உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருந்து ஒயரை இழுத்துப் பெட்டியில் சொருகி, சுவிட்சைப் போட்டார். சின்ன விளக்கு எரிந்தது. பாட்டு வைத்தார். பழைய ஸ்பீக்கர்கள் பாடின. புதுப் பெட்டி மூச்சுக் காட்டவில்லை. குமிழைத் திருகினார், தட்டிப் பார்த்தார், கெஞ்சாத குறைதான். முப்பது வருடமாக ஊரார் வாயைத் திறக்க வைத்தவருக்கு இதன் வாயைத் திறக்க வழி தெரியவில்லை.

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. ஒயரை 'அவுட்'ல சொருகியிருக்கீங்க. கரண்டை நிறுத்திட்டு 'இன்'ல சொருகுங்க."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"முதல்லேர்ந்தே. சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு..."

டாக்டருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது சிரிப்பு.

மாற்றிச் சொருகியதும் பெட்டி உறுமியது. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் உறுமல் பாதிகூட வந்து சேரவில்லை.

"வச்ச இடம் சரியில்ல" என்றார் மெக்கானிக். "பெட்டியைத் தூக்கி சோபா மேல வைங்க. நாம தரையில தவழ்ந்து போவோம். எந்த இடத்துல சத்தம் கும்முன்னு கேக்குதோ, அங்க பெட்டியை வச்சா சோபாவுலயும் அப்படியே கேக்கும்."

"தவழணுமா? இந்த வயசுலயா?"

"யாரு பாக்கப் போறா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் முட்டி போட்டார்கள். சுவரோரமாக ஒருவர் பின்னால் ஒருவர், "இங்க?" "ம்ஹூம்." "இங்க?" "கொஞ்சம் தள்ளுங்க, நானும் கேக்கறேன்" என்று போய், தையல் மெஷின் இருந்த மூலையில் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். உறுமல் நெஞ்சுக்குள் இறங்கியது.

"இதுதான்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தியபோது வாசல் கதவு திறந்தது.

"என்னங்க தொலைச்சீங்க?" என்றாள் டாக்டரின் மனைவி, பைகளைக் கீழே வைக்காமலே.

"தொலைக்கல, கண்டுபிடிச்சிட்டோம். உன் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் மாத்தணும்."

"தொடுங்க, பாக்கலாம்!"

"ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா வருமே, சம்பந்தியம்மா" என்றார் மெக்கானிக், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. சம்பந்தி சொல்லை எப்படித் தட்டுவது? மெஷின் நகர்ந்தது.

சாயங்கால பஸ்ஸில் கிளம்ப வேண்டியவர் திங்கட்கிழமைவரை தங்கினார். மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருக்க, இருவரும் ஸ்க்ரூ டிரைவரோடு நாற்காலி மேல் ஏறி, பழைய ஸ்பீக்கர்களை எந்த உயரத்தில் மாட்டுவது என்று மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.