அருணோதயா நகரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக முளைத்த அருணோதயா நகரில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லாருக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே தலைவர். தலைவர் புகழேந்தி, ஓய்வு பெற்ற சூப்பரின்டெண்ட். ஒன்பது வருஷமாகப் போட்டியின்றித் தேர்வாகிறார். பின்னே, தேர்தல் தேதி குரூப்பில் வரும்போது தேர்தல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். மற்றவர்கள் கட்டைவிரல் உயர்த்தலாம். எட்டு மணிக்குள் உயர்த்தாதவர்களுக்கு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று தலைவரிடமிருந்து போன் வரும். ஒருவர் கைதவறி அழுகிற பொம்மையைப் போட்டுவிட்டு மூன்று நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

காலைச் செய்தியை எழுதுகிறவள் அன்புச்செல்வி. தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். தலைவர் சொல்வதை நல்ல தமிழில் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குப்பை வண்டி வராத வாரத்துக்கு 'இயற்கை உரச் சேகரிப்பு வாரம்' என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை காலை, தலைவர் வீட்டில் அவள் செய்தி எழுத உட்கார்ந்திருந்தபோது வாட்ச்மேன் அருள்ராஜ் வந்து, தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் புகைவதாகச் சொன்னான். மோட்டார் பழுது பார்ப்பதும் அவன் வேலைதான்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடு" என்று அவனை அனுப்பிவிட்டுத் தலைவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "எப்படியும் இன்னிக்கு ரொம்பிடும். ரொம்பிடுச்சின்னே போட்டுடுங்க டீச்சர். ஜனங்க வீணா பயந்துக்குவாங்க."

அவள் எழுதினாள்: 'நம் தொட்டி நிரம்பி வழிகிறது. நீர் வராதவர்கள் தத்தம் குழாயைச் சரிபார்த்துக்கொள்ளவும். தண்ணீர் லாரியை உள்ளே அழைப்பது வதந்தி பரப்புவதாகக் கருதப்படும்.' கடைசி வரி அவளே சேர்த்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாராட்டினார்.

ஸ்பேனரோடு மோட்டார் ரூமுக்குக் கிளம்பிய அருள்ராஜும் அதைப் படித்தான். நமக்கு முன்னாடியே எவனோ சரி பண்ணிட்டான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டான்.

அப்புறம் என்ன, நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் குழாய் காற்றை மட்டும் ஊதியது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுக் குழாய்தான் கோளாறு என்று நினைத்தார். ஊருக்கே வரும்போது நமக்கு மட்டும் வரவில்லை என்று வெளியே சொல்ல வெட்கம். பிளம்பருக்குச் சாப்பிட நேரமில்லை. எதிர்வீட்டு மணியம்மாள், பேரனின் தள்ளுவண்டியில் இரண்டு தண்ணீர்க் கேனைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தாள். "பையன் தூங்கறானா?" என்று கேட்ட அன்புச்செல்வியின் முந்தானைக்குள்ளேயும் ஒரு குடம் இருந்தது.

அன்புச்செல்விக்குத்தான் அவசரம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் தங்கை கவிநிலாவுக்கு வளைகாப்பு. இந்த வீட்டில் நடக்கும் முதல் விசேஷம். செங்கத்திலிருந்து சம்பந்தி வீட்டார் அறுபது பேர். அதில் பாதிப் பேர் குறை கண்டுபிடிக்கவென்றே வருகிறவர்கள். லாரி கூப்பிடலாம் என்றால் கேட்டிலேயே நிறுத்துவார்கள். அவள் போட்ட சட்டம் அது.

சனிக்கிழமை தலைவரிடம் போனாள்.

"தண்ணி இல்லைனு யார் சொன்னது? தொட்டி ரொம்பி வழியுதுனு நீங்கதானே டீச்சர் எழுதினீங்க."

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னதை வுடுங்க. அதுக்கப்புறம் நூத்திப் பன்னெண்டு பேரு கட்டைவிரல் காட்டியிருக்காங்க பாருங்க. அவ்ளோ பேரும் பொய் சொல்வாங்களா? எங்க வீட்டுக் குழாய்கூடத்தான் மக்கர். பிளம்பர் மூணு தடவை வந்துட்டான்."

அவர் நடிக்கவில்லை. மனிதர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். அன்புச்செல்விக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. அங்கேயே எழுதிக் காட்டினாள்: 'தலைவரின் அயராத உழைப்பால் நிரம்பி வழியும் உபரி நீர், நாளைக் காலை லாரி மூலம் டீச்சர் வீட்டில் இறக்கப்படும்.' புகழேந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லி அவரே உத்தரவு போட்டார்.

ஞாயிறு ஏழு மணிக்கு, அவள் காசு கொடுத்துச் சொல்லிவைத்த லாரி வந்தது. கூடவே நகரே வந்தது. குடம், பக்கெட், குக்கர், ஒருவர் கையில் மீன் தொட்டி. உபரி என்று அவளே எழுதிவிட்டாள், யாரைத் தடுப்பது?

"செடிக்குக் கொஞ்சம் டீச்சர்."

"சாமி பாத்திரம் கழுவ."

"சும்மா, வீட்ல ஒரு குடம் இருக்கட்டும்னுதான்."

அரை மணியில் லாரி காலி. அவளுடைய டிரம்மில் அடியை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். சமையல்காரர் பருப்பைக் கழுவாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டதாகச் சம்பந்தியம்மாள் போன் செய்தாள். அன்புச்செல்வி டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தன் தமிழ்மீதே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வர்லீங்க" என்றாள், எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி. "நாலு நாளா வர்ல. தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல. ரொம்பிடுச்சினு எழுதினது பொய். எழுதினவ நான்தான்."

மணியம்மாள் தன் குடத்தைப் பார்த்தாள், அடுத்தவள் குடத்தைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து குடத்தை டிரம்மில் கவிழ்த்தாள்.

"எங்க வீட்லயும் வர்ல செல்வி. நான் மட்டுந்தான்னு நெனச்சி யார்கிட்டயும் சொல்லலம்மா."

"எங்க வீட்லயும்" என்று ஒரு பக்கெட் வந்தது. குக்கர் வந்தது. மீன் தொட்டிக்காரர்கூட ஊற்றினார். பாதிப் பாதியாக ஊற்றியே டிரம் நிறைந்தது. சமையல்காரர் பருப்புச் சட்டியைத் தூக்கினார்.

கடைசியாக, தலையில் ஷாம்பு நுரையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு புகழேந்தி காலி பக்கெட்டோடு நின்றிருந்தார். டிரம்மையும் ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ தொட்டில தண்ணியே இல்லையா டீச்சர்?"

"இல்லீங்க சார்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே" என்றார்.