உயிரோடு இருப்பதாக எழுதச் சொன்னவன்

1

ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது: ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருப்பவர், உயிரோடு இருப்பவனைச் செத்ததாக எழுதினால் என்ன ஆகும்?

முதல் வரி: 'பாலிங் மலைகளுக்குப் பின்னால் சூரியன்...'

வேண்டாம். 1943இல், ஜப்பான் ஆண்ட மலாயாவில், அங்கே யாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

2

இஞ்ஞாசிமுத்து ஆஸ்பத்திரிக் கிராணி. வந்தவர் பெயர், நோய், வீடு திரும்பிய நாள், இல்லையேல் இறந்த நாள். இவற்றை எழுதுவது அவர் வேலை. மலேரியாவுக்கான கொய்னா மருந்து தீர்ந்தபிறகு இறந்த நாள்தான் அதிகம் எழுதினார்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அய்யாவு காய்ச்சலில் வந்து பிழைத்துக்கொண்டான். ஜப்பான்காரன் தண்டவாளம் போடும் சயாம் ரயில் வேலைக்குத் தோட்டக் கங்காணி அவன் பெயரைக் கொடுத்திருந்தார். அவன் மனைவி குணவதி பதிவறைச் சன்னலில் நின்று கெஞ்சினாள்.

"போனவன் ஒருத்தனும் திரும்பலைங்கய்யா. செத்துட்டாருன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். (கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். 'இறந்தான்' என்பது அந்தக் கைக்குப் பழகிப்போன வார்த்தை.)

3

ஒளிந்திருக்க வேண்டிய அய்யாவு பட்டப்பகலில் சன்னலுக்கு வந்தான்.

"கிராணி ஐயா, நா உசுரோட இருக்கேன்னு மாத்தி எழுதுங்க."

"பைத்தியமா உனக்கு? யாராச்சும் பாத்துருவான், போ லா!"

"நா செத்துட்டேன்னு எனக்குப் பதிலா என் தம்பி முருகையாவப் புடிச்சிட்டானுங்க. ரயில் ஸ்டேசன்ல அடைச்சு வச்சிருக்கானுங்க."

 தானே முருகையாவைப் பிடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது இஞ்ஞாசிமுத்துவுக்கு. மாற்றி எழுதினால் அவர் தலை போகும்.

"என்னால முடியாதுப்பா."

4

ஒரு முடிவு: மாற்றி எழுதுகிறார், முருகையாவை விட்டுவிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். ஜப்பானிய அதிகாரி இரக்கப்படும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஆகவே இப்படித்தான் நடந்தது: அய்யாவு நேரே ஸ்டேஷனுக்குப் போனான். "நாந்தான் அய்யாவு, தம்பிய விடுங்க" என்றான். சிப்பாய் சிரித்துக்கொண்டே அவனையும் ரயிலில் ஏற்றினான். தம்பியை இறக்கவில்லை.

5

இரண்டு வருடம் கழித்து, ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. குணவதி மறுபடி சன்னலுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அண்ணன் தம்பி இருவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

"நீங்க குடுத்த சீட்டு பொய்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். இப்ப நெசத்தச் சொல்லுங்கய்யா. நா பொட்டு வச்சுக்கலாமா, கூடாதா?"

'இஞ்ஞாசிமுத்து மெல்ல...' அடித்தேன்.

'அம்மா, உன் புருசன்...' அதையும் அடித்தேன்.

அவள் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். பதில் கேட்காமல் அவள் நகரமாட்டாள். வாசகரே, நான் எழுந்துகொள்கிறேன். கிராணியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.