குதிரைகளுக்குப் பின்னால் ஒரு வேட்பாளர்

கேரிக் லுண்ட் பேசி முடித்தபோது வைலா ஹான்ஸ்காமுக்குக் கை பரபரத்தது. தட்டில் மிச்சமிருந்த பான்கேக்கை, பாகு சொட்டச் சொட்ட, அந்தச் சிரித்த முகத்தில் அப்பிவிட்டு வந்திருப்பாள். மகள் ட்ரெஸ்ஸா பக்கத்தில் இருந்ததால் தட்டைக் கீழே வைத்தாள்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. கோல்வின் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மலையடிவாரத்து ஊர் அது, வேட்பாளர்கள் தேர்தலுக்குத் தேர்தல்தான் எட்டிப் பார்ப்பார்கள். இந்த முறை வாஷிங்டன் காங்கிரஸ் சபைக்கு நிற்கிறவர் லுண்ட். ஐந்து தலைமுறை மாட்டுப் பண்ணைக் குடும்பம் என்று டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் தொப்பி, இடுப்பு பெல்ட்டில் தட்டு மாதிரி ஒரு பக்கிள். குடியிருப்பு மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், நகரத்தில்.

ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். "இந்த மண்ணுல உழைக்கிற விவசாயிக்குத்தான்!" என்றார் லுண்ட். போன வாரம்தான் ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் மீன்பிடிக்கிறவர்களிடம் ஆறு மீனுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மாட்டிறைச்சி விலையைக் கேட்டார்கள். கவலைப்படுவதாகச் சொன்னார். தபால் நிலையத்தைக் கேட்டார்கள். அதற்கும் கவலைப்பட்டார். கவலைப்படுவதில் மட்டும் ஆள் கஞ்சத்தனமே காட்டவில்லை.

வைலா எழுந்தாள். ஊரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவள், கணவனை இழந்தவள், நாக்கில் உறையே போடாதவள்.

"மிஸ்டர் லுண்ட், எங்க ஆஸ்பத்திரியில பிரசவ வார்டை மூடப்போறாங்க. வாஷிங்டன்லேர்ந்து பணம் வரும்னு தேர்தல்ல நிற்கிறவங்க வாக்குக் கொடுத்தா, கடனை உடனை வாங்கியாவது நவம்பர் தேர்தல் வரைக்கும் ஓட்டுறோம்னு நிர்வாகத்துல சொல்றாங்க. அந்தப் பணத்துக்கு நீங்க சபையில கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

"ரொம்ப முக்கியமான கேள்வி, மேடம். எல்லா வழியையும் யோசிச்சுப் பார்ப்போம்."

"வழி கேக்கலைங்க. தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

"உங்க வலி எனக்குப் புரியுது."

வைலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ட்ரெஸ்ஸாவுக்கு டிசம்பரில் தலைப்பிரசவம். வார்டு போய்விட்டால் மலைக் கணவாயைத் தாண்டி நகரத்துக்குத்தான் ஓட வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இப்படித்தான் மூடினார்கள். அடுத்த குளிர்காலத்திலேயே ஒரு பெண்ணுக்குக் கணவாய்ப் பனியில், பிக்கப் வண்டிக்குள் பிள்ளை பிறந்தது. பிள்ளை தங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் லுண்ட் அவளிடமே வந்தார். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் யார் எங்கே நடப்பது என்று முடிவு செய்கிறவள் அவள்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"வழக்கமா அரசியல்காரங்களைக் குதிரைப்படைக்கு முன்னாடி விடுவோம்," என்றாள்.

"முன்னாடி வேண்டாம் மேடம். டிவிக்காரங்க கடைசியிலதான் நிப்பாங்களாம். குதிரை எல்லாம் போனப்புறம் தனியா, கம்பீரமா நடந்து வந்தா எப்படி இருக்கும்!"

குதிரைப்படைத் தலைவர் டெல் ஓக்ஸ் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது. குதிரைக்குப் பின்னால் ஏன் யாரும் நடப்பதில்லை என்று இந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐந்து தலைமுறைக்காரருக்குத் தெரியவில்லை.

வைலா டெல்லைப் பார்க்கவே இல்லை. "உங்க இஷ்டம்," என்றாள் பவ்யமாக.

லுண்ட் போனதும் டெல் வாயைத் துடைத்தபடி சொன்னார்: "வைலா, நீ நரகத்துக்குத்தான் போவே."

"போறேன். நீ குதிரைங்களுக்கு வயிறு நிறையத் தீவனம் போடு. செலவு என்னுது."

ஜூலை நான்காம் தேதி வெயில் கொளுத்தியது. தெருவின் இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகள், கொடிகள், எலுமிச்சைச் சாறு. பள்ளி பாண்டு போயிற்று, தீயணைப்பு வண்டி போயிற்று. எதிர்க்கட்சியில் நிற்கும் பெண் மிட்டாய் வீசியபடி சுத்தமான செருப்போடு கடந்துபோனாள். அப்புறம் டெல்லின் குதிரைகள், தெருவை அடைத்துக்கொண்டு. அவை வழியெல்லாம் லத்தி போட்டு, தம் கடமையைக் குறைவில்லாமல் செய்துகொண்டே போயின.

அதற்கும் பின்னால் லுண்ட். புத்தம் புதிய வெளிர்நிற பூட்ஸ்.

முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஒரு கையால் மிட்டாய் வீசினார். பிறகு ஒதுங்கினார், தாண்டினார், பாவாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடப்பவர் மாதிரி எம்பி எம்பி நடந்தார். கூட்டம் சத்தம் போட்டுச் சிரித்தது.

"ஐயா, அஞ்சு தலைமுறையில ஒருத்தரும் சொல்லித்தரலையா?" என்றது ஒரு குரல்.

"இடது பக்கம் பாத்து! ஆ, அதேதான்!" என்றது இன்னொன்று.

டிவி கேமரா நின்ற கடைசி முனையில், சரியாக ட்ரெஸ்ஸாவின் நாற்காலிக்கு முன்னால் லுண்டுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. ஒரு முழங்கால் மட்டும் தரையைத் தொட்டு எழுந்தது, அதற்கே போதுமான அளவு ஒட்டிக்கொண்டது. வைலா ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். வயிறு குளிர்ந்திருந்தது அவளுக்கு.

"துடைச்சுக்குங்க. அப்படியே அந்தப் பதிலையும் சொல்லிட்டுப் போங்க. கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

லுண்டின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கழன்று விழுந்தது.

"மாட்டேன்! போதுமா? வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குப் பிள்ளை பெக்கிற ஊருக்கு வார்டு எதுக்கு? எந்தக் கிறுக்கன் பணம் போடுவான்? நான் ஜெயிச்சாலும் மூடுவாங்க, முன்னாடி போறாளே, அவ ஜெயிச்சாலும் மூடுவாங்க. அவ உங்ககிட்டச் சொல்ல மாட்டா, அவ்வளவுதான் வித்தியாசம்!"

சிரிப்பு நின்றது. சிதறிக் கிடந்த மிட்டாயைக் குழந்தைகள் மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். லுண்ட் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு நடந்தார். இந்த முறை எதையும் தாண்டவில்லை, நேராக மிதித்துக்கொண்டே போனார்.

கேட்ட பதில் கிடைத்துவிட்டது வைலாவுக்கு. வாரக்கணக்கில் லுண்டிடமும் எதிர்க்கட்சிக்காரியிடமும் கேட்டுக் கேட்டு வராத பதில், இப்போது நடுத்தெருவில், டிவி கேமராவுக்கு முன்னாலேயே. ஜெயித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று நின்று பார்த்தாள். வந்தது பயம்தான்.

பின்னால் மண்வெட்டிகளோடு துப்புரவு வண்டி வந்தது. ஊர்வலம் முடிந்தது. ஜனங்கள் நாற்காலிகளை மடக்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

ட்ரெஸ்ஸா எழுந்திருக்கவில்லை. கை வயிற்றின் மேல் இருந்தது.

"அம்மா, அப்ப டிசம்பர்ல நான் என்ன செய்யறது?"

"கவலைப்படாதடி," என்றாள் வைலா. "எல்லா வழியையும் யோசிச்சுப் பார்ப்போம்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே காதில் விழுந்தது. மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க வைலாவால் முடியவில்லை. ஜூன் மாதத்தில் தீயணைப்பு நிலையத்தில் அவள் லுண்டைப் பார்த்த அதே பார்வை.

குனிந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி. மூடிடுவாங்க. நிச்சயமா மூடிடுவாங்க. பனி விழறதுக்கு முன்னாடி, நவம்பர்லயே கணவாய்க்கு அந்தப் பக்கம் போயி ஒரு ரூம் எடுத்துத் தங்கறோம். கடையைப் பூட்டிட்டு நானும் வரேன்."

"தீவனம் விக்கிற குளிர்காலத்துல கடையைப் பூட்டினா அப்புறம் திறக்க முடியாதும்மா."

"முடியாது," என்றாள் வைலா. மகளுக்குக் கை கொடுத்து எழுப்பினாள்.