முதல் கதிரை

பெரிய வியாழன் பின்னேரம் ஜெனாட் வலது காலைக் குளியல்தொட்டி விளிம்பில் தூக்கி வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். குதிக்காலைக் கல்லால் உரசி, விரல் இடுக்கெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். இடது காலைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாதம் கழுவும் சடங்கில் சுவாமியார் ஒரு காலைத்தான் கழுவுவார், அதுவும் வலது காலை. பதினாறு வருடமாக அதுதான் வழக்கம். பிறம்ரன் நகரத்து வெயார்ஹவுஸில் பத்து மணித்தியாலம் நின்று வேலைசெய்துவிட்டு ஓடிவந்தவருக்கு இரண்டு காலையும் சோடிக்க நேரம் ஏது?

ஆண்டவரின் பன்னிரண்டு சீடர்களாக இருக்கப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கதிரை. முதலாவது, சீடர்களின் தலைவர் இராயப்பருடையது. ரெக்ஸ்டேல் அடுக்குமாடியின் பார்ட்டி றூமில் நாலு குடும்பத்துக்குப் பூசை தொடங்கிய நாளிலிருந்து அது ஜெனாட்டினுடையது. அந்தக் காலத்தில் கதிரைகளைச் சுமந்துகொண்டு வந்து விரித்ததும் அவர்தான். இந்த வருடம் புதிதாக வந்த சுவாமியார் முதல் கதிரையில் கோணேஸ்வரனின் பெயரைப் போட்டுவிட்டார். ஜெனாட்டுக்கு இரண்டாவது, இராயப்பரின் சகோதரர் பெலவேந்திரருடையது.

"பொருத்தம்தானே," என்றாள் மனைவி றீற்றா. "பெலவேந்திரர்தான் முதல்முதல் ஆண்டவருக்குப் பின்னால போனவர். பிறகுதான் இராயப்பரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நீங்களும் கோணேஸைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்கோ புண்ணில் உப்பைக் கொட்டியது போலிருந்தது.

கூட்டிக்கொண்டு வந்தது உண்மைதான். ஏழு வருடத்துக்கு முன்னர், திருகோணமலையிலிருந்து வந்து அதே வெயார்ஹவுஸில் சேர்ந்த சைவப்பொடியன், நத்தார்ப் பண்டிகைக்குத் தனிய இருக்கிறானே, ஒரு கோப்பைச் சோறு தின்னட்டும் என்று காரில் ஏற்றினார். வந்தவன் தங்கிவிட்டான். ஞானஸ்நானம் எடுத்தபோது ஞானத்தகப்பனும் ஜெனாட்தான். பிறகு பாட்டுக்குழு, வாசகம், நோயாளிகளைப் பார்க்கப் போவது என்று எல்லாவற்றிலும் கோணேஸ்தான். பிள்ளைகளும் அவன் காலடியில்தான். ஜெனாட்டுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிறு குற்றம் தேடாமல் இருக்குமா? வீட்டுக்கு வந்தால், யூலை வெக்கையிலும் சொக்ஸைக் கழற்றமாட்டான். பெரிய துரை என்ற நினைப்பு!

கோயிலுக்குக் கார் ஓட்டும்போதும் பெலவேந்திரரின் நினைவுதான். மலை உச்சிக்கு ஆண்டவர் மூன்று பேரைக் கூட்டிப் போனார். இராயப்பர் போனார், பெலவேந்திரர் கீழே நின்றார். அந்த மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் அமர்ந்தார்கள். சுவாமியார் கிட்ட வரும்போதுதான் சப்பாத்தைக் கழற்றுவது முறை. கோணேஸ்வரன் வருடாவருடம் பாட்டுக்குழுவோடு கடைசியில் நிற்பவன், சடங்கைக் கிட்டப் பார்த்ததில்லை. சுவிசேஷம் முடிந்ததும் மெல்லச் சாய்ந்தான்.

"அண்ணை, எந்தக் கால்?"

ஜெனாட் நேரே பார்த்தபடி சொன்னார்: "இடது."

பிழையான காலை நீட்டுவான், சுவாமியார் திருத்துவார், நாலு பேர் சிரிப்பார்கள். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"இடதுதானோ?"

"ஓம்."

கோணேஸ்வரன் கொஞ்ச நேரம் கைகளை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இருந்தான். பிறகு குனிந்து இடது சப்பாத்தைக் கழற்றினான். சொக்ஸை மெல்ல மெல்ல உரித்தான்.

மூன்று விரல்கள் இல்லை. கணுக்காலுக்குக் கீழே தோல் உருகி இறுகிய மெழுகாகக் கிடந்தது. முன்வரிசையில் ஒரு மனுசி வாயைப் பொத்தினாள். முழந்தாளிட்ட சுவாமியார் தண்ணீர் வார்த்து, துடைத்து, முத்தமிட்டு, அந்தக் காலை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பாட்டுக்குழு அடுத்த அடியை மறந்துபோனது. யாரோ விசும்பினார்கள்.

ஜெனாட் அதற்குள் தன் வலது காலை வெளியே எடுத்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. கோணேஸ்வரனின் பார்வை அந்தக் காலில் விழுந்தது, பிறகு அவருடைய முகத்துக்கு வந்தது.

சுவாமியார் அடுத்த கதிரைக்கு நகர்ந்தார். வலது காலை அவர் கவனிக்கவேயில்லை.

"இடது சப்பாத்தைக் கழற்றுங்கோ அண்ணை," என்றார் தணிந்த குரலில். "இண்டைக்கு எல்லாருக்கும் இடதுதான்."

சப்பாத்து நூல் ஜெனாட்டின் விரலுக்கு அகப்படவில்லை. பத்து மணித்தியாலச் சொக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு கழன்றது. வெட்டாத நகம், இடுக்கெல்லாம் கறுப்புப் பஞ்சு. சுவாமியார் ஒவ்வொரு இடுக்காக விரல்விட்டுக் கழுவினார். குனிந்து முத்தமிட்டார்.

"நல்லகாலம் அண்ணை, நீங்கள் இடதெண்டு சொன்னது," என்று கோணேஸ்வரன் காதோடு சொன்னான். "இல்லாட்டி இந்தக் காலை நான் ஒருநாளும் வெளியில எடுத்திருக்கமாட்டன்."

ஜெனாட்டுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் பொறாமையும் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் கொழுத்துப்போய்.

தண்ணீர் பிடிக்கும் பேசின் மூன்றாவது கதிரைக்கு நகர்ந்தது. இருவரின் கால் கழுவிய தண்ணீரும் அதில் ஒன்றாகத் தளம்பியது. மேலே அவருடைய சொக்ஸ் பஞ்சு கறுப்பாக மிதந்துகொண்டிருந்தது.